பதிவேடு, பட்டறை, படகு: கலப்பு லாரிக்கு ஒரு முன்வரலாறு

சற்றே நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல், சட்டம், பொறியியல் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் படித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

பழைய டீசல் லாரி ஒன்றை, அதன் எஞ்சினை அகற்றாமலேயே, மின்மோட்டாரும் மின்கலமும் சேர்த்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கலப்பு வண்டியாக மாற்றலாமா? இந்தக் கேள்விக்குப் பொறியியல் தரும் விடை ‘முடியும்’ என்பது. சட்டம் தரும் விடை ‘பெரும்பாலும் கூடாது’ என்பது. வரலாற்றைக் கேட்டால் மூன்றாவது விடை ஒன்று கிடைக்கிறது: இதற்கு நெருக்கமான ஒன்றைத் தென்னிந்தியப் பட்டறைகள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கின்றன, அன்று அரசு அதைத் தடுக்கவில்லை, ஊக்குவித்தது. ஊக்குவிக்கப்பட்ட ஒரு செயல் எப்படித் தண்டனைக்குரியதாக ஆனது, அந்த மாற்றத்தில் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இப்பதிவின் பொருள்.

1. இடம்

இக்கேள்வியைக் கொச்சியின் வெலிங்டன் தீவில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அத்தீவின் பெரும்பகுதி இயற்கையில் இருந்ததன்று. ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்தபோது, உப்பங்கழியின் வாயை மணல்திட்டு ஒன்று அடைத்திருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நங்கூரமிட்டன. மதராஸ், கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய மூன்று அரசுகளின் உடன்பாட்டில் அந்தத் திட்டு வெட்டப்பட்டது. ‘லார்ட் வெலிங்டன்’ என்ற தூர்வாரி அகழ்ந்தெடுத்த மண், வெண்டுருத்தியை ஒட்டிக் கொட்டப்பட்டு நிலமாயிற்று. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1943இல் கடற்படையின் வெண்டுருத்தித் தளம் அங்கே அமைந்தது. மட்டாஞ்சேரியை நோக்கி ஒரு சரக்குத்துறை, எரணாகுளத்தை நோக்கி மற்றொன்று என இருபுறமும் கப்பல் கட்டும் தீவாக அது வளர்ந்தது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் புதிய முனையம் தொடங்கியபோது பெட்டகச் சரக்கு அங்கே பெயர்ந்தது. பொதுச் சரக்கும் கிடங்குகளும் தீவில் எஞ்சின.

கலப்பு வண்டிக்கு ஏற்ற வேலைச்சூழல் எது என்று ஒரு பொறியாளரைக் கேட்டால், அவர் வரைந்து காட்டுவது துறைமுகப் பணியாகத்தான் இருக்கும். குறுகிய தூரம், குறைந்த வேகம், அடிக்கடி நிறுத்தம், வரிசையில் நெடுநேரக் காத்திருப்பு, மேடு பள்ளமில்லாத தரை, இரவில் திரும்பி வந்து நிற்க ஓர் இடம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் லாரிக்குக் கலப்பு முறையால் பெரிய ஆதாயம் இல்லை. சரக்குத்துறைக்கும் கிடங்குக்கும் இடையே நாள் முழுதும் ஊர்ந்து செல்லும் லாரிக்கு உண்டு.

2. சொல்

மொழியியல் படித்துவிட்டு வரலாற்றுக்குள் வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் போவதில்லை. பொருளைத் தொடுமுன் அதன் பெயரைத் தட்டிப் பார்ப்போம். ‘ஹைபிரிட்’ என்பதன் இலத்தீன் மூலம், வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. உரோமக் குடிமகனுக்கும் அயலாருக்கும் பிறந்த குழந்தையையும் குறித்தது. தொடக்கம் முதலே அச்சொல்லில் ஓர் ஐயம் கலந்திருந்தது: இது யாருடைய வாரிசு, எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தமிழில் நாம் வழங்கும் ‘கலப்பினம்’ வேளாண்மையின் வழியாக வந்தமையால் விதையின் வாசனை கொண்டது; அந்த ஐயத்தை அது சுமப்பதில்லை.

வண்டிகளின் பெயர்களே கலப்புச் சொற்கள்தாம். ‘ஜின்ரிகிஷா’ என்ற ஜப்பானியச் சொல்லில் ‘ஜின்’ மனிதன், ‘ரிகி’ ஆற்றல், ‘ஷா’ வண்டி. சொல் சுருங்கியபோது முதலில் உதிர்ந்தது ‘மனிதன்’. எஞ்சிய பகுதியோடு ‘தானே’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு சேர, ‘ஆட்டோரிக்‌ஷா’ பிறந்தது. சென்னையின் ‘மீன்பாடி வண்டி’ இன்னும் சுவையானது. இதில் வரும் ‘பாடி’ பாடலுமன்று, ஊர்ப்பெயரின் பின்னொட்டுமன்று. வண்டியின் உடற்பகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மூன்று சக்கர மிதிவண்டிச் சட்டகத்தில் கழித்துக்கட்டிய ஸ்கூட்டரின் எஞ்சினைப் பொருத்தி உருவானது அவ்வண்டி. பதிவெண்ணோ காப்பீடோ அதற்குக் கிடையாது. காவல்துறை நடவடிக்கைகளுக்கும் நீதிமன்றக் கண்டனங்களுக்கும் இடையே அது பல்லாண்டு சரக்கு சுமந்தது.

அந்தப் ‘பாடி’ தமிழகத்தில் ஒரு பெருந்தொழிலின் பெயரும்கூட. ‘பாடி கட்டுதல்’ என்றால் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரிக்கு, கரூரில் பேருந்துக்கு. ஆலையிலிருந்து வருவது சேசிஸ், அதாவது சட்டகமும் எஞ்சினும் சக்கரங்களும் மட்டுமே. மரமும் இரும்பும் கொண்டு அதை லாரியாக்கியது பட்டறை. ஆகவே நம் சாலைகளில் ஓடிய லாரி ஒருபோதும் முழுமையாகத் தயாரிப்பாளரின் படைப்பாக இருந்ததில்லை. பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

3. கரிவாயு

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபோது பர்மா எண்ணெயும் இந்தியாவுக்குக் கைவிட்டுப் போனது. அதற்கு முன்பே, 1941இல், பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்துவிட்டது. பேருந்து முதலாளிகளுக்கு முன் இருந்த வழிகள் இரண்டு: வண்டியை நிறுத்துவது, அல்லது வேறு எரிபொருளுக்கு மாற்றுவது. பலர் இரண்டாவதைத் தேர்ந்தனர். வண்டியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ உயரமான இரும்பு உருளை ஒன்று ஏறியது. மக்கள் அதனைக் ‘கரி பஸ்’ என்றனர்.

அதன் இயக்கம் எளிது. அடைத்த கலத்தில் கரியை இட்டு, முழுமையாக எரியப் போதாத அளவே காற்றை உள்ளே விட்டால், கரி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அந்த வாயுவைக் குளிரச் செய்து, தூசு நீக்கி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். வாயுவில் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 30 விழுக்காடு. பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். எனவே எஞ்சின் தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழந்தது. மேட்டில் வண்டி திணறியது. புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே கரி மூட்ட வேண்டும். சாம்பல் வார வேண்டும். வடிகட்டி துப்புரவாக்க வேண்டும். குழாய் கசிந்தால் வெளிவருவது மணமற்ற நச்சு.

பலர் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு. இவ்வண்டிகளில் பலவும் பெட்ரோலைக் கைவிடவில்லை. பெட்ரோலில் கிளப்பி, வாயு சீரானதும் அதற்கு மாற்றுவது வழக்கம். இரண்டு ஆற்றல் மூலங்கள், ஒரே எஞ்சின், எப்போது எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் ஓட்டுநர். இன்றைய கலப்பு வண்டியில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் வேலையை அன்று ஒரு மனிதரின் கையும் காதும் செய்தன. டீசல் எஞ்சினுக்கு வந்தால் இக்கலப்பு கட்டாயமே ஆகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. கரிவாயு தானாகப் பற்றுவதுமில்லை. ஆகவே சிறிதளவு டீசலைத் தெளித்துத்தான் வாயுவைப் பற்றவைக்க இயலும். பழைய எரிபொருள் நெருப்பை மூட்ட, புதியது சுமையை இழுக்கும்.

உலகப் பின்னணியும் இதுவே. ஜெர்மனியில் போர் முடியும்போது ஏறத்தாழ 5 இலட்சம் வண்டிகள் மரவாயுவிலும் கரிவாயுவிலும் ஓடின. போரில் நடுநிலை வகித்த சுவீடனிலும் பெரும்பாலான வண்டிகள் அப்படியே ஓடின. நம் பகுதியில் இதன் அடையாளமாக நிற்பது டி.வி.எஸ். 1912இல் பேருந்துப் போக்குவரத்தில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், போர்க்காலப் பெட்ரோல் பற்றாக்குறையில் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்ற கரிவாயுக் கலத்தை வடிவமைத்து உற்பத்தி செய்தார். அவர் எஞ்சின் உற்பத்தியாளர் அல்லர். பிறர் செய்த வண்டிகளை ஓட்டியவர், விற்றவர், பழுது பார்த்தவர். வண்டியைச் செய்தவரின் ஒப்புதலுக்கு எவரும் காத்திருக்கவில்லை. பெரும்பாலான வண்டிகளைச் செய்தவர்கள் கடல் கடந்து போருக்கான உற்பத்தியில் இருந்தனர்.

போர் முடிந்தது. பெட்ரோல் திரும்பியது. உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1954இல் டாடா மெர்சிடஸ் பென்ஸ் லாரிகள் ஜம்ஷெட்பூரிலிருந்து வரத் தொடங்கின. 1955இல் அசோக் லேலண்ட் உருவானது. டீசலின் காலம் பிறந்தது. கரிவாயுக் கலங்களைக் கட்டிப் பராமரித்த அறிவு பாடநூலில் ஏறவில்லை. அதை அறிந்தவர்களோடு பெரும்பாலும் மறைந்தது.

4. மின்சாரம்

மின்கலப்பு வண்டியின் வரலாற்றிலும் பட்டறைக்கு முதலிடம் உண்டு. 1900இல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் போர்ஷே உருவாக்கிய ‘செம்பர் விவஸ்’ வண்டியில் பெட்ரோல் எஞ்சின்கள் மின்னாக்கியை இயக்கின. மின்னாற்றல் சக்கரங்களுக்குள்ளேயே வைத்த மோட்டார்களைச் சுழற்றியது. அவர் அப்போது பணியாற்றிய லோனர் நிறுவனம் பரம்பரைக் குதிரைவண்டித் தயாரிப்பாளர். நம் சொல்லில் ‘பாடி கட்டுபவர்’.

1970களில் அமெரிக்காவில் விக்டர் வூக் என்ற மின்பொறியாளர், 1972ஆம் ஆண்டின் ப்யூக் ஸ்கைலார்க் காரைக் கலப்பு வண்டியாக மாற்றினார். புதிய காரை அவர் வடிவமைக்கவில்லை, இருந்ததை மாற்றினார். 1974இல் அரசின் சுற்றுச்சூழல் முகமை அதைச் சோதித்தது. புகை அளவு வியக்கத்தக்க வகையில் குறைவாக இருந்தும் திட்டம் கைவிடப்பட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் ஆர்கன்சாவைச் சேர்ந்த டேவ் ஆர்தர்ஸ், ஓபல் ஜிடி கார் ஒன்றில் புல்வெட்டும் பொறியின் 5 குதிரைத்திறன் எஞ்சினையும் விமானத்திலிருந்து கழித்த ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பொருத்தி, லிட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் ஓட்டியதாக அறிவித்தார். ஓர் இதழ் அச்செய்தியை வெளியிட்டபோது, வரைபடம் கேட்டுப் பல்லாயிரக்கணக்கான வாசகர்கள் எழுதினர்.

இந்தியாவில் 2010இல் கேபிஐடி நிறுவனம், பாரத் ஃபோர்ஜுடன் இணைந்து ‘ரெவோலோ’ என்ற கருவித்தொகுப்பை அறிவித்தது. ஓடிக்கொண்டிருக்கும் காரின் எஞ்சினோடு மின்மோட்டாரை இணைத்துக் கலப்பு வண்டியாக்குவது அதன் நோக்கம். ஆனால் அப்போது இத்தகைய மாற்றத்தைச் சோதித்து ஒப்புதல் தர விதிகளே வகுக்கப்பட்டிருக்கவில்லை. அவை 2016இல்தான் வந்தன.

5. கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். சுமையோடு 10 டன் எடையுள்ள லாரி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 500 கிலோஜூல், மின்கணக்கில் 0.14 யூனிட். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வளவும் வெப்பமாகி வீணாகிறது. ஒரு நாளைக்கு 100 நிறுத்தங்கள் என்றால் 14 யூனிட். மோட்டார் அதில் பாதியை மீட்டு மின்கலத்துக்கு அனுப்பினாலும் 7 யூனிட்தான். ஒரு லிட்டர் டீசலில் உள்ள வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட்; அதில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்குச் சேரும். எனவே மீட்ட 7 யூனிட் ஏறத்தாழ 2 லிட்டர் டீசலுக்கு ஈடு.

பிரேக்கில் மீட்பதைவிட, காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பதில் ஆதாயம் கூடுதலாக இருக்கலாம். நின்றபடி ஓடும் பெரிய டீசல் எஞ்சின் மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை குடிக்கக்கூடும். மூன்று மணிநேர வரிசையில் அணைத்து வைப்பதே நூறு முறை பிரேக் பிடித்து மீட்பதற்கு ஈடாகிவிடும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. அக்காற்றை அழுத்தும் பம்பு எஞ்சினால் சுழல்கிறது. ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்பும் அவ்வாறே. எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்ந்து செல்லும் ஓட்டுநர் நாலைந்து முறை பிரேக் பிடித்தால், சேமிப்பில் இருக்கும் காற்று இறங்கத் தொடங்கும். இவ்விரு பம்புகளுக்கும் தனி மின்மோட்டார் தராத மாற்றம் எவ்வளவு எரிபொருள் சேமித்தாலும் கொலைக்கருவியே. மின்கலத்தின் எடையும் உண்டு: 15 யூனிட் கொள்ளும் ஈய அமில மின்கலத்துக்கு 400 கிலோவுக்கு மேல், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அந்த எடையைச் சட்டகத்தில் எங்கே தொங்கவிடுவது, எந்த அச்சு எவ்வளவு தாங்கும், உயர்மின்னழுத்தக் கம்பி மழையிலும் உப்புக்காற்றிலும் எப்படிப் பிழைக்கும் என்பவையெல்லாம் பட்டறை விடை சொல்ல வேண்டிய கேள்விகள். சட்டத்தின் அச்சம் வெற்று அச்சமன்று.

6. சட்டத்தின் சொற்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒரு மொழியியல் மாணவர் படிக்க வேண்டும். 1988இல் இயற்றப்பட்ட வடிவில் அதன் கருத்து இது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உண்மையல்லாமல் போகும்படி வண்டியை மாற்ற விரும்பும் உரிமையாளர், முன்னறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் திருத்தம் இதை மாற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்பது புதிய கருத்து.

இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முதல் வாக்கியத்தின் அளவுகோல் பதிவேடு. வண்டி மாறலாம், பதிவேடு அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். ஏடு வண்டியைப் பின்தொடர்கிறது. இரண்டாவதன் அளவுகோல் தயாரிப்பாளரின் நோக்கம். வண்டி தான் பிறந்த நாளின் வடிவத்தை வாழ்நாள் முழுதும் பின்தொடர வேண்டும். உரிமையாளரும் பட்டறையும் வாக்கியத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

அதே திருத்தம் ஒரு வாயிலையும் திறந்தது. மின்கலம், அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு, சூரிய ஆற்றல், திரவப் பெட்ரோலிய வாயு போன்ற வேறு எரிபொருளுக்கு அல்லது ஆற்றலுக்கு மாற்றுவது, ‘மாற்றுக் கருவித்தொகுப்பு’ வழியாக, விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டது. 2016இன் விதிகள் கலப்பு மின்மாற்றத்துக்கு இவ்வாயிலின் அளவைக் குறித்தன: தொகுப்பின் வகை அங்கீகரிக்கப்பட்ட சோதனை முகமையில் ஒப்புதல் பெற வேண்டும், ஏஐஎஸ் 123 தரநிலையை நிறைவு செய்ய வேண்டும், தொகுப்பின் தயாரிப்பாளர் அங்கீகரித்தவரே பொருத்த வேண்டும்.

2019 இக்கதையில் முக்கியமான ஆண்டு. கேரள உயர்நீதிமன்றம், மாநில விதிகளின் அடிப்படையில் வண்டியின் கட்டமைப்பில் மாற்றங்களுக்கு இடமுண்டு என்று தீர்ப்பளித்திருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாது, விதி சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது. மறுபுறம், விதிப்படி செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகிவிடாது என்ற பாதுகாப்பையும் சேர்த்தது.

இவற்றின் விளைவு என்ன? ‘தொகுப்பு’ என்பது ஒரு வகைக்கு ஒருமுறை ஒப்புதல் பெற்று ஆயிரக்கணக்கில் விற்கும் பொருள். சோதனைச் செலவை அந்த எண்ணிக்கைதான் தாங்கும். பெருமளவில் விற்ற புதிய கார்களுக்குத் தொகுப்பு வரலாம். ஒரு துறைமுகத்தில் எஞ்சியிருக்கும் இருபது பழைய லாரிகளுக்கு எவரும் தொகுப்புச் செய்து சோதனைக்கு அனுப்பமாட்டார்கள். பட்டறையின் பலம் ‘இந்த ஒரு வண்டி’ என்பதில் இருக்கிறது. சட்டத்தின் பார்வை ‘இந்த வகை வண்டி’ என்பதில் இருக்கிறது. கலப்பு லாரி இந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது.

7. எதிர்க்கரை

வெலிங்டன் தீவிலிருந்து நீருக்கு அப்பால் பார்த்தால், கலப்பு முறை வெற்றி பெற்ற இடம் தெரியும். எரணாகுளம் கரையில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய மின்கலப்புப் படகுகள், 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்ட கொச்சி நீர் மெட்ரோவில் ஓடுகின்றன. நூறு பேர் செல்லும் படகு. லித்தியம் டைட்டானேட் மின்கலம். கால் மணி நேரத்துக்குள் மின்னேற்றம். துணைக்கு டீசல் மின்னாக்கி. அதற்கும் முன்னோடியாக 2017 ஜனவரியில் வைக்கம் – தவணக்கடவு தடத்தில் ‘ஆதித்யா’ என்ற 75 பேர் செல்லும் சூரிய ஆற்றல் படகைக் கேரள நீர்ப்போக்குவரத்துத் துறை இயக்கத் தொடங்கியது. அதை வடிவமைத்ததும் கொச்சி நிறுவனமே.

இவை பழைய படகை மாற்றியவையல்ல, புதிதாகக் கட்டியவை என்பது உண்மை. ஆயினும் நீரில் ஒரு சட்ட மரபு வேறாக இருக்கிறது. கலம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆய்வு செய்யப்படுகிறது. 1917இன் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் இம்மரபையே தொடர்கிறது. ஆய்வாளர் வந்து இந்த ஒரு படகின் உடலையும் எஞ்சினையும் பார்த்துச் சான்று தருகிறார். படகை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். மரக்கலம் கட்டிய காலத்திலிருந்து ஒவ்வொரு கலமும் தனிக்கலமாகவே பார்க்கப்பட்டது. ஆகவே சட்டமும் அவ்வாறே வளர்ந்தது. சாலை வண்டியோ ஆலையின் வரிசை உற்பத்தியோடு வளர்ந்தமையால் அதன் சட்டம் வகையைப் பார்க்கிறது. பொறி ஒன்றே ஆயினும், நீரில் இறங்கினால் அது தனியாள். தரையில் ஏறினால் ஓர் இனத்தின் உறுப்பு.

தனி ஆய்வு என்ற மரபு தன்னளவில் எவரையும் காப்பாற்றிவிடாது என்பதையும் கேரளம் அறியும். நீர் மெட்ரோ தொடங்கிப் பன்னிரண்டு நாள்களில், 2023 மே 7 அன்று, மலப்புறம் மாவட்டத்தின் தானூரில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அப்படகு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்று அப்போது செய்திகள் பரவலாக வெளிவந்தன. ‘பட்டறைக்குச் சுதந்திரம் தருக’ என்று எழுதும் எவரும் அந்த இருபத்திரண்டு பேரை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். நானும் அவ்வாறே எழுத முயல்கிறேன்.

8. ஆகவே

மேற்கண்டவற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது. வண்டி மாற்றத்தின் வரலாறு கண்டுபிடிப்பாளர்களின் வரலாறு மட்டுமன்று. அது பற்றாக்குறையின் வரலாறும் அனுமதியின் வரலாறும் ஆகும். பற்றாக்குறை வந்தபோது அரசு பட்டறையைத் தேடிச் சென்றது. அது நீங்கியதும் அந்த அறிவைப் பேணும் நிறுவனம் எதையும் கட்டவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்த சட்டம், பாதுகாப்பு என்னும் நியாயமான நோக்கத்தை, தயாரிப்பாளரின் மூல வடிவம் என்னும் ஒரே அளவுகோலோடு முடிச்சிட்டுவிட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல. பிரேக்கில் காற்று இருக்கிறதா என்று சோதிப்பது பாதுகாப்பு. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது வேறு கேள்வி. நாமக்கல்லில் உடல் பெற்ற லாரிக்கு அந்த இரண்டாவது கேள்வியை எங்கிருந்து தொடங்கிக் கேட்பது?

வேறு நாடுகளில் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் என்ற முறை உண்டு. ஒருவர் தாமே கட்டிய, அல்லது பெரிதும் மாற்றிய ஒற்றை வண்டியை அரசின் ஆய்வாளரிடம் நிறுத்தி, தேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் மாற்றப்பட்ட வண்டியை ஆய்ந்து சான்றளிக்கிறார். நம்மிடமும் மாவட்டந்தோறும் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. துறைமுக வளாகம் போன்ற வரையறுத்த பரப்பில், வரையறுத்த வேகத்தில் மட்டும் ஓடும் வேலை லாரிகளுக்கு, படகுக்கு இருப்பது போன்ற தனி ஆய்வை முயன்று பார்க்கலாம். காற்றழுத்தப் பம்பு, அச்சுச் சுமை, மின்காப்பு, அவசரத் துண்டிப்பு என்று ஆய்வுப் பட்டியலை எழுதுவது கடினமன்று. எழுதியதை நேர்மையாகப் பின்பற்றுவதே கடினம். தானூர் நமக்குச் சொல்வது அதைத்தான்.

வரலாற்று மாணவர்களுக்கும் மொழியியல் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரி பஸ்ஸை ஓட்டியவர்களும் அதற்குக் கரி மூட்டியவர்களும் இன்று அநேகமாக இல்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். உருளையின் ஒவ்வொரு பகுதிக்கும், கசிவுக்கும், திணறலுக்கும் அவர்கள் தகப்பன்மார் வைத்திருந்த பெயர்கள் இருந்திருக்க வேண்டும். அவை எந்த அகராதியிலும் ஏறியிருக்குமென நான் நம்பவில்லை. உங்கள் வீட்டிலோ ஊரிலோ அக்கால நிழற்படம், பட்டறைக் கணக்கேடு, கரி வாங்கிய பற்றுச்சீட்டு, அல்லது ஒரு பாட்டியின் நினைவு இருந்தால், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற குறிப்போடு பதிவு செய்து வையுங்கள். இங்கே பகிர்ந்தாலும் மகிழ்வேன். அடுத்த பற்றாக்குறை வரும்போது பட்டறையைத் தேடிச் செல்பவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே ஓர் அறிவு இருந்தது என்றாவது தெரிந்திருக்கட்டும்.